ரிச் கேக்கின் நடுப்பகுதி ஏன் வேகவில்லை?

அம்மம்மாவின் கொப்பியில் இருந்த குறிப்பைப் பார்த்து ரொறன்ரோவில் ரிச் கேக் (ரவை, கஜு எனும் முந்திரிப்பருப்பு, சீனியில் பதப்படுத்திய பழங்கள் சேரும் எங்கள் இலங்கை நத்தார்க் கேக்) செய்ததாக எழுதி, படமும் போட்டிருக்கிறீர்கள். ஓரம் கறுத்துவிட்டது, நடு களியாக நின்றது, வெந்த இடமும் வெட்டும்போது உதிர்ந்தது என்கிறீர்கள். பிராந்தி போதவில்லையா, அடுத்த முறை மாவும் பேக்கிங் பவுடரும் கூட்டினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். மற்றவர்கள் பிராந்தியைப் பற்றித்தான் பதில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்வியிலேயே வேறு நாலு விசயங்கள் இருக்கின்றன: குறிப்பில் 25 மஞ்சட்கரு என்றிருந்ததைப் பாதியாக்கி, வெள்ளைக்கருவை வீணாக்க மனமில்லாமல் 12 முழு முட்டையாகப் போட்டீர்கள், சௌசௌ பிரிசர்வை (சீனிப்பாகில் பதப்படுத்திய துண்டுகளை) அதன் பாகோடு சேர்த்தீர்கள், இனிப்பு அதிகமென்று சீனியைப் பாதியாகக் குறைத்தீர்கள், 180 பாகையில் ஒன்றேகால் மணித்தியாலம் சுட்டீர்கள். உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது, இந்தக் கேக்குக்குள் இருக்கும் நீரை என்ன செய்வது என்பதுதான். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள், பல வருடங்களாக நத்தாருக்கும் கல்யாணங்களுக்கும் கேக் ஓர்டர் எடுத்துச் செய்கிறவள். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அவசரமானது. அந்தக் களியான கேக்கை நீங்கள் செய்த அன்றே பிரிட்ஜில் வைத்திருந்து இரண்டு நாளுக்குள் என்றால், மேலே ஈயத்தாள் மூடி 150 பாகையில் திரும்பச் சுடலாம். பேக்கிங் பவுடரை நம்பி எழும்பாத கேக் என்பதால் இரண்டாம் முறை சுடுவது இதற்குப் பெரிய கெடுதல் செய்யாது. மேசையில் கிடந்ததென்றால் எறிந்துவிடுங்கள். வேகாத முட்டை கலந்த ஈரமான பண்டம் அது. உள்ளே இருக்கும் பிராந்தி அதைக் காப்பாற்றாது.

பிராந்தியைப் பற்றிய கணக்கை இங்கேயே முடித்துவிடலாம். நான் செய்யும் அளவில் பழங்கள் எல்லாமாக 1 கிலோ 350 கிராம், அதற்குப் பிராந்தி 125 மில்லிலீற்றர். பிராந்தியில் மதுசாரம் 40 சதவீதம் என்று வைத்தால், ஊறிய பழத்தில் மதுசாரத்தின் பங்கு 3 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வரும். பியரில் இருப்பதைவிடக் குறைவு. இந்தச் சிறு அளவு எதையும் மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்காது. ரிச் கேக்கைக் காப்பது சீனி. பழத்திலும் கலவையிலும் இருக்கும் சீனி நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பூஞ்சணத்துக்கும் பற்றீரியாவுக்கும் குடிக்க நீர் கிடைப்பதில்லை. பிராந்தி செய்யும் வேலை வாசனை. ஏலம், கறுவா, கராம்பு, தோடம்பழத் தோல் ஆகியவற்றின் மணங்கள் நீரைவிட மதுசாரத்தில் இலகுவாகக் கரையும், அதனால்தான் ஊறிய பழத்தில் அவை ஒன்றாகச் சேர்ந்து மணக்கின்றன. ஆகவே சீனியைப் பாதியாக்கிப் பிராந்தியை இரட்டிப்பாக்கினால் கேக் கெதியாகக் கெட்டுப்போகும். இனிப்பு அதிகமென்றால் துண்டைச் சிறிதாக வெட்டுங்கள்.

இனி முட்டை. ஊர்க்கோழி முட்டை சிறியது. அதைவிட முக்கியம், பழைய குறிப்புகளில் மஞ்சட்கரு முழுவதும் போகும், வெள்ளைக்கருவில் பாதிதான் போகும். இது ஆடம்பரத்துக்காக எழுதப்பட்டதல்ல. மஞ்சட்கருவில் ஏறத்தாழப் பாதிதான் நீர். மீதி கொழுப்பும் புரதமும். வெள்ளைக்கருவில் 88 சதவீதம் நீர். உங்கள் ஊரின் பெரிய முட்டையில் வெள்ளைக்கரு 33 கிராம் அளவு வரும். நீங்கள் கூடுதலாகப் போட்ட 6 வெள்ளைக்கருவில் மட்டும் 175 மில்லிலீற்றர் நீர் உள்ளே போயிருக்கிறது; ஒரு தேநீர்க் கோப்பை நிறைய. பிரிசர்வின் பாகு அதற்கு மேல். அவ்வளவையும் குடிக்க ரவை போதாது. மிஞ்சிய வெள்ளைக்கருவைக் குளிரவைத்து அடுத்த நாள் ஓம்லெட்டுக்கு எடுங்கள், கேக்குக்குள் மட்டும் தள்ளிவிட வேண்டாம்.

அளவுகளைச் சொல்கிறேன். உங்கள் கொப்பியில் இறாத்தல் என்றிருப்பது 454 கிராம், அவுன்ஸ் என்பது 28 கிராம். அரைக் கிலோ, 25 கிராம் என்று வசதிக்கு மாற்றினால் பொருளுக்குப் பொருள் விகிதம் நகரும். நான் எடுப்பது ரவை 250 கிராம், உப்பில்லாத பட்டர் 250, சீனி 375, பெரிய முட்டையில் மஞ்சட்கரு 12, வெள்ளைக்கரு 6, கஜு 250. பழங்களில் முந்திரிகை வத்தல் (உலர்ந்த திராட்சை) 250, சுல்தானா 250, பூசணி அல்வா 250, சௌசௌ பிரிசர்வ் பாகு வடித்த பின் 250, இஞ்சி பிரிசர்வ் 125, செர்ரி 125, சீனியில் பதப்படுத்திய தோடம்பழத் தோல் 100. பிராந்தி 125 மில்லிலீற்றர், தேன் இரண்டு மேசைக்கரண்டி, பன்னீர் (ரோசாப்பூ நீர்) இரண்டு மேசைக்கரண்டி, வனிலா இரண்டு தேக்கரண்டி, ஆமண்ட் எசன்ஸ் அரைத் தேக்கரண்டி, தேசிக்காய்த் தோல் துருவல் ஒரு தேக்கரண்டி, ஏலத்தூளும் கறுவாத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, சாதிக்காயும் கராம்பும் அரை அரை. எல்லாம் சேர்ந்து 3 கிலோ அளவு வரும். அதில் பழமும் கஜுவுமே 1 கிலோ 600 கிராம். இதைப் பார்த்தாலே மாவு சேர்க்கும் யோசனை ஏன் சரிவராது என்று விளங்கும். மாவும் பேக்கிங் பவுடரும் எழும்பி நிற்கும் பஞ்சுக் கேக்குக்கானவை. இவ்வளவு பாரமான கலவையைப் பேக்கிங் பவுடர் கொஞ்சத் தூரம் தூக்கும், நடு வேகுமுன் வாயு போய்விடும், குழி விழும். பழம் அடியில் தங்கிவிடும் என்ற பயமும் இங்கே வேண்டாம். அது தண்ணிக் கலவையில் நடப்பது. இதில் பழம் பழத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

கனடாவில் பூசணி அல்வா கிடைக்காவிட்டால் இந்தியக் கடைகளில் பேட்டா கேளுங்கள். இரண்டும் நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் பதப்படுத்திச் செய்வதுதான். உலர்ந்து மேலே சீனி படிந்த வெள்ளைத் துண்டு வேண்டும், பாகில் மிதப்பது வேண்டாம். சௌசௌ விசயத்தில் எல்லாரும் ஒரே பேச்சுப் பேசமாட்டார்கள். சௌசௌக் காயைப் பாகில் போட்டதுதான் என்று சிலர் சொல்வார்கள், இஞ்சிப்பாகில் கலப்புப் பழங்கள் போட்ட போத்தல்தான் முந்தி வந்தது என்று சிலர். எதைப் போட்டாலும் கேக் வரும். வடியில் போட்டு ஓர் இரவு விட்டு, பாகு சொட்டுவது நிற்கும்வரை காத்திருப்பதுதான் முக்கியம். அந்தப் பாகைக் கொட்ட வேண்டாம். தேநீரில் போட்டுக் குடிக்க அருமையாக இருக்கும்.

வத்தலைக் கழுவினால் துணியில் பரப்பி முழுதாக உலரவிட்ட பிறகே வெட்டுங்கள். கையால் வெட்ட வேண்டும். இயந்திரத்தில் சுழற்றினால் பழம் பசையாகிவிடும். பசை நீரை விடும், கேக்கும் கறுத்து ஒரே கட்டியாகப் போய்விடும். வத்தலை இரண்டாக, மற்றவற்றைக் கடலைப் பருப்பளவில் வெட்டினால் காணும். கஜுவை ஊறவைக்காமல் கடைசியில் சேர்க்கிறேன். ஊறிய கஜு கடிக்கும்போது ரப்பராக இருக்கும். பழத்தைப் பிராந்தி, தேன், வாசனைத்தூள் எல்லாவற்றோடும் கலந்து கண்ணாடிப் போத்தலில் மூடி, இரண்டு நாளுக்கு ஒரு முறை கிளறி, இரண்டு வாரம் வைக்கலாம். ஒரு வருடம் ஊறவைத்தால்தான் ருசி என்று சொல்வதை நான் மறுக்கவும் மாட்டேன், பழக்கத்தில் வைத்திருக்கவும் மாட்டேன். பழத்துக்குள் திரவம் இறங்க இரண்டு மூன்று நாளே போதும். அதற்குப் பிறகு வரும் மாற்றம் வாசனையில் மட்டும். அது யார் நாக்குக்கு எவ்வளவு தெரியும் என்பதை என்னால் அளந்து சொல்ல முடியாது.

ரவைதான் இந்தக் கேக்கின் உயிர். பலர் அதைத்தான் அவசரத்தில் கெடுக்கிறார்கள். மெல்லிய தீயில் நிறம் மாறாமல், பச்சை வாசனை போய்க் கையில் பொலபொலவென்று விழும்வரை வறுங்கள். இளஞ்சூட்டில் இருக்கும்போதே மெதுவான பட்டரோடு வடிவாகக் குழைத்து மூடி, ஓர் இரவு வையுங்கள். ரவை மணியைச் சுற்றிக் கொழுப்புப் படிந்துவிட்டால் பிறகு ஈரம் சேரும்போது கட்டிபடாது. எல்லா மணியும் ஒரே சீராக ஊறும். உங்கள் கேக் உதிர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கலவை சேர்த்தவுடனே ஓவனுக்குள் போயிருக்கும், மணிக்கு ஊற நேரம் கிடைத்திருக்காது. மற்றது, சூட்டோடு வெட்டியிருப்பீர்கள். எது என்று படத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

மறுநாள் மஞ்சட்கருவையும் சீனியையும் வெளிறித் தடிக்கும்வரை அடியுங்கள். இரு விரலில் எடுத்துத் தேய்த்தால் சீனி நறநறக்கக் கூடாது. அதில் ரவையும் பட்டரும், பிறகு வனிலா, பன்னீர், எசன்ஸ், தேசித்தோல், பிறகு பழம், பிறகு கஜு. இந்தக் கட்டத்தில் கை நோகும். பெரிய தாச்சியும் மரக்கரண்டியும் எடுத்து, முடிந்தால் வீட்டில் இன்னொருவரையும் கூப்பிடுங்கள். எங்கள் பக்கத்தில் கேக் கலக்கும் நாள் என்றால் பெரியம்மா, சித்தி, பிள்ளைகள் என்று எல்லாரும் வந்து நிற்பது சும்மா கொண்டாட்டத்துக்கு மட்டும் இல்லை, 3 கிலோவைக் கிளற ஆள் வேண்டும். கடைசியில் வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்து, நுனி மெதுவாக வளையும் பதத்தில் நிறுத்தி, மூன்று தடவையாகச் சேர்த்து மடியுங்கள். கலவை கரண்டியிலிருந்து வழிந்து ஓடக் கூடாது, தட்டினால் பொத்தென்று விழ வேண்டும். ஓடினால் எங்கோ நீர் கூடிவிட்டது. ஒரு கைப்பிடி வறுத்த ரவை சேர்த்து அரை மணித்தியாலம் விடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

சுடுவதில்தான் உங்கள் ஓரம் கறுத்தது. சீனியும் தேனும் பழமும் இவ்வளவு இருக்கும் கலவை கெதியாக நிறம் எடுக்கும். ஆனால் சூடு நடுவுக்குப் போவது மிக மெதுவாகத்தான். 180 பாகையில் ஓரம் கருகும் வேகத்தை நடு எட்டிப்பிடிக்க முடியாது. ஊரில் முந்தி நத்தார்க் கேக் தட்டுகளைப் பேக்கரியில் கொடுத்துச் சுட்டு எடுக்கும் வீடுகள் உண்டு. பாண் சுட்டு முடிந்து, போறணையின் சூடு இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் தட்டுகள் உள்ளே போகும். அந்த இறங்குமுகச் சூடுதான் இந்தக் கேக்குக்கு ஏற்றது. கொப்பியில் 300 என்று எழுதியிருந்தால் அது பரனைற்; செல்சியஸில் 150. மின்விசிறி ஓடும் ஓவன் என்றால் 130. முடிந்தால் சிறிய ஓவன் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், ஏனென்றால் வீட்டு ஓவனின் குமிழ் காட்டும் இலக்கமும் உள்ளிருக்கும் சூடும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.

10 அங்குலச் சதுரத் தட்டுக்கு இந்த அளவு சரி, ஒன்றரை அங்குல உயரம் நிற்கும். அடியிலும் பக்கத்திலும் மண்ணிறத்தாள் மூன்று மடிப்பு, அதன் மேல் பட்டர் பூசிய பேக்கிங் தாள். அம்மம்மாமார் பத்திரிகைத்தாள் போட்டார்கள். மை படும் தாளை உணவுக்குக் கிட்ட வைக்க நான் விரும்புவதில்லை. தட்டின் வெளிப்பக்கத்தில் மடித்துச் சுற்றலாம், அதுவும் மின் ஓவனில் மட்டும். எரிவாயு ஓவனில் சுவாலை பட்டால் பற்றிவிடும். நடுத்தட்டில் வைத்து, ஒரு மணித்தியாலத்தில் மேற்பரப்பு பொன்னிறம் எடுத்தவுடன் தாளை மேலே தளர்வாக மூடி, மொத்தம் இரண்டிலிருந்து இரண்டரை மணித்தியாலம் சுட வேண்டும். ஈர்க்கு குத்திப் பார்ப்பது இந்தக் கேக்கில் ஏமாற்றும். ஈர்க்கு பழத்தில் பட்டு ஒட்டிக்கொண்டு வரும், நீங்கள் வேகவில்லை என்று நினைத்து உலர்த்திவிடுவீர்கள். நடுவில் வெப்பமானி வைத்து 95 பாகையைத் தாண்டினால் இறக்குங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் நடுவை விரலால் மெதுவாக அழுத்துங்கள். அமுங்கிய இடம் திரும்ப வந்தால் சரி. காதைக் கிட்டக் கொண்டுபோனால் வேகாத கேக் உள்ளுக்குள் மெல்லச் சத்தமிடுவதும் கேட்கும்.

இறக்கிய பின் தட்டிலேயே விடுங்கள். முழுதாக ஆற அரை நாள் போகும். ஆறிய பிறகு எண்ணெய்த்தாளில் சுற்றி, மேலே ஈயத்தாள் சுற்றி, குறைந்தது ஒரு கிழமை வெட்டாமல் வையுங்கள். சுட்ட அன்று ஓரம் உலர்ந்தும் பழம் ஈரமாகவும் இருக்கும். கிழமை போகப்போக அந்த ஈரம் பழத்திலிருந்து ரவைக்கு நகர்ந்து எங்கும் ஒரே பதமாகும். அதன் பிறகு கூரான கத்தியால் வெட்டினால் உதிராது.

எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியானதும் உறுதியற்றதும் இருக்கின்றன. உணவில் நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீரை நீர்ச்செயற்பாடு என்ற அளவால் சொல்வார்கள். தூய நீருக்கு அது 1. அது 0.85க்குக் கீழே போனால் நோய் தரும் பற்றீரியாக்கள் பொதுவாக வளராது, 0.65க்குக் கீழே போனால் பெரும்பாலான பூஞ்சணங்களும் நின்றுவிடும். இது நிச்சயம். உங்கள் வீட்டுக் கேக் இந்த அளவில் எங்கே நிற்கிறது என்பது கருவி வைத்து அளக்காமல் யாருக்கும் தெரியாது. அதனால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று எழுதுபவர்களின் வாக்கை நான் உங்களுக்குத் தரமாட்டேன். சீனி குறைக்காமல், நன்றாக வேகவைத்து, காற்றுப் போகாத தகரப் பெட்டியில் குளிர்ந்த இடத்தில் வைத்தால் நாலைந்து கிழமை வரை எனக்குப் பயமில்லை. அதற்கு மேல் பிரிட்ஜில் வைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் மார்கழி மழைக்காலம், காற்றில் ஈரம் கூட, பூஞ்சணம் பார்க்க வேண்டும். உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று உலர்ந்திருக்கும், கேக் காய்ந்துபோவதுதான் பிரச்சினை. எங்காவது பூஞ்சணம் கண்டால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எறிந்து மீதியைச் சாப்பிட வேண்டாம்.

பிராந்தி இல்லாமல் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். சுட்டால் மதுசாரம் முழுதும் பறந்துவிடும் என்ற நம்பிக்கையில் மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி கலவையில் சேர்த்து இரண்டரை மணித்தியாலம் சமைத்த பிறகும் 5 சதவீதம் மிஞ்சும்; ஆறிய கேக்கின் மேல் தெளிக்கும் பிராந்தி அப்படியே இருக்கும். மார்க்கத்துக்காகவோ மருந்துக்காகவோ மதுசாரத்தைத் தவிர்க்கிறவருக்கு இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்காகச் செய்யும்போது கடுமையான சாயத்தேநீர் 60 மில்லிலீற்றரில் தேனும் தோடம்பழத்தோல் துருவலும் கலந்து பழத்தை ஓர் இரவு மட்டும் பிரிட்ஜில் ஊறவைக்கிறேன். தோடம்பழச்சாற்றைத் தாராளமாக ஊற்றினால் பழையபடி நீர்க்கணக்கில் வந்து மாட்டுவீர்கள். வனிலா, ஆமண்ட் எசன்ஸ் போத்தல்களிலும் மதுசாரம் இருக்கலாம், பார்த்து வாங்குங்கள்.

இது போர்த்துக்கேயர் கொண்டுவந்ததா, ஒல்லாந்தரா, ஆங்கிலேயரா என்றும் ஒருவர் கீழே கேட்டிருந்தார். பழம் நிறைந்த நத்தார்க் கேக் ஆங்கிலேய வழக்கம் என்பதிலும், கஜு மரமே போர்த்துக்கேயர் வழியாகப் பிரேசிலிலிருந்து இந்தப் பக்கம் வந்தது என்பதிலும் சந்தேகமில்லை. ரவை, கஜு, பன்னீர் என்ற சேர்க்கை எங்கள் லவ் கேக்கிலும் இருக்கிறது, அதைப் போர்த்துக்கேயர் பக்கம் சேர்த்துச் சொல்வது வழக்கம். அதற்கு மேல் இன்னார்தான் என்று உரிமை கொடுக்க எனக்கு ஆதாரம் போதாது.

மேலே ஆமண்ட் ஐசிங் பூசுவதென்றால் பழைய முறையில் பச்சை வெள்ளைக்கரு சேரும். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் சாப்பிடும் வீட்டில் பாச்சரைஸ் செய்த வெள்ளைக்கருவை வாங்கிப் பாவியுங்கள். கல்யாணத்தில் கொடுப்பதுபோல விரல் நீளத் துண்டாக வெட்டி, முதலில் எண்ணெய்த்தாளிலும் பிறகு வர்ணத்தாளிலும் சுற்றிப் பெட்டியில் அடுக்கலாம். துண்டு துண்டாக வெட்டியது பெரிய கட்டியைவிடக் கெதியாகக் காயும், ஆகவே இறுக்கமாகச் சுற்றுங்கள். பெட்டியின் மேல் கஜு, முட்டை, கோதுமை, பாதாம், பிராந்தி என்று உள்ளதை எழுதி ஒட்டுங்கள். கனடாவில் பல பள்ளிக்கூடங்கள் கொட்டை வகைகளை உள்ளே விடுவதில்லை, ஆகவே பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் இதை வைக்க வேண்டாம்.